பதினொரு விநாடி

அத்தியாயம் பதினான்கு

உர்சுலா அன்று காலை மருமகளுக்குத் தன் கையாலேயே ஆப்பம் சுட்டுக் கொடுத்தாள். முட்டை ஆப்பம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இது மூன்றாவது முறை. மூன்றும் இந்த வாரத்தில்.

ஜானிஸ் தட்டைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள்.

"சாப்பிடுமா. விசாரணைக்குப் போறப்ப வெறும் வயித்தோட போகக் கூடாது. தலை சுத்தும். தலை சுத்தினா வாயில கண்டது வரும்."

கண்டது என்றால் என்ன என்று ஜானிஸ் கேட்கவில்லை. கண்டதைத்தான் சொல்லச் சொல்லி விசாரணைக் குழு கூப்பிட்டிருந்தது.

நடந்ததை மறந்துவிட்டவர்களுக்காகவும், போன வார இதழைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்து இழந்தவர்களுக்காகவும் சொல்ல வேண்டியிருக்கிறது: ஜானிசும் அவள் கணவன் கேவினும் டெங்கில் என்ற ஊரில் உள்ள ரேடார் மையத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள். திரையில் நகரும் புள்ளிகள் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்வது வேலை. இரண்டு விமானங்களுக்கு நடுவே பக்கவாட்டில் மூன்று மைல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலும் கீழுமாக ஆயிரம் அடி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

பன்னிரண்டு நாளுக்கு முன், ஒரு காலை பத்தேகால் மணிக்கு, இரண்டுமே இல்லாமல் போனது. லங்காவிக்கு ஏறிக்கொண்டிருந்த விமானமும் கோத்தா பாருவிலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்த விமானமும் ஒன்றரை மைல் தள்ளி, முந்நூறு அடி வித்தியாசத்தில் ஒன்றையொன்று கடந்தன. ஜானிஸ் கடைசி நேரத்தில் ஒன்றை இடப்பக்கம் திருப்பாவிட்டால் அதுவும் இருந்திருக்காது. இரண்டிலும் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் எதுவும் தெரியாது. அன்றைக்குப் பயணிகளிடமிருந்து வந்த ஒரே புகார், நாசி லெமாக் சோற்றுக்குச் சம்பல் போதவில்லை என்பது.

லங்காவி விமானத்தை ஒன்பதாயிரம் அடிக்கு ஏறச் சொன்னவன் கேவின். சொன்னதைத் திரையில் பதியவில்லை. அங்கே வழக்கமான ஆறாயிரமே நின்றது. அடுத்த நிமிஷம் அவன் நேரம் முடிந்து எழுந்தான். ஜானிஸ் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். லங்காவிக்காரன் ஆறாயிரத்தோடு நின்றுவிடுவான் என்று நம்பி, கோத்தா பாருக்காரனை ஏழாயிரத்துக்கு இறக்கினாள்.

நாற்காலி கைமாறும்போது ஒரு முறை உண்டு. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்று மேசையிலேயே இருக்கும். ஒன்பது வரி. எழுபவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உட்காருபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். யாரை எத்தனை அடிக்கு ஏற்றியிருக்கிறோம் என்பது அதில் ஒரு வரி. சொல்லி முடித்தவர் ஐந்து நிமிஷம் பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கேவின் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஜானிஸ் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. இருவரும் அப்போது நான்கு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

வீட்டில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. "அத்தை, கேஸ் சிலிண்டர் முடியப் போகுதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்பாள் இவள். "மம்மி, நேத்தே சொல்லியாச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க" என்பான் அவன். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். டெங்கில் மையத்தில் பல கோடி ரிங்கிட் பெறுமான கருவிகள் இருந்தன. நடுவில் நின்று செய்தி கடத்த ஒரு மாமியார் மட்டும் இல்லை.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு தாள். வளைகுடா நாடு ஒன்றில் வேலைக்கு கேவின் மனு போட்டிருந்தான். வீட்டுப் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டதால் அது மனைவிக்குத் தெரியவந்தது. குடும்பத்தோடு வருகிறீர்களா, தனியாகவா என்ற கேள்விக்கு எதிரே, தனியாக என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக். ஓர் ஆணின் கையெழுத்தில் அவ்வளவு உறுதியை ஜானிஸ் கல்யாணப் பதிவேட்டில்கூடப் பார்த்ததில்லை.

இப்போது கேவினின் வாக்குமூலம் விசாரணைக் குழுவிடம் இருக்கிறது. ஒன்பது வரியையும் முறைப்படி சொல்லிவிட்டே எழுந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டான். ஜானிஸ் இன்றைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். ஆமாம், சொன்னார், நான்தான் கவனிக்கவில்லை என்று அவள் சொன்னால் அவளுடைய லைசன்ஸ் போகும். இல்லை, சொல்லவில்லை என்றால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஆப்பம்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்லா," என்றாள் உர்சுலா, எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "என் தப்புத்தான் சார்னு. பொம்பளைப் பிள்ளை சொன்னா மனசு இறங்குவாங்க."

"மனசு இறங்கி லைசன்ஸைப் பிடுங்கிக்குவாங்க, அத்தை."

"பிடுங்கட்டுமே. வீட்டோட கொஞ்ச நாள் இரேன். நைட் ஷிஃப்ட், காலை ஷிஃப்டுன்னு உடம்பு என்னத்துக்கு ஆகுது. ஆறு வருஷமாச்சு, வீட்டோட இருந்தா மத்ததும் நடக்கும்."

மற்றது என்ன என்று விளக்க அவள் மருமகளின் வயிற்றை ஒரு முறை பார்த்தாள். தேங்காய்ப் பாலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அவர் லைசன்ஸ் போனா அவரும் வீட்டோட இருக்கலாமே. ரெண்டு பேர் இருந்தா மத்தது இன்னும் வேகமா நடக்கும்."

சோபாவில் பேப்பருக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்டது. மாமனார் இக்னேஷியஸ். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எந்த சிக்னலையும் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார். அதற்கு வசதியாகக் காதும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது.

"விளையாடாத, ஜானிஸ். ஆம்பளைக்கு வேலையில ஒரு கரும்புள்ளி விழுந்தா அவ்வளவுதான். அங்க இருபதாம் தேதிக்குள்ள, வேலையில ஒரு தப்பும் இல்லைன்னு இங்கேருந்து சுத்தமான லெட்டர் கேக்குறாங்களாம். அது போகலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. அவன் போயி ஒரு வீடு கீடு பாத்து செட்டில் ஆனதும் உன்னையும் கூப்பிட்டுக்கப் போறான். உனக்கும் நல்லதுதானே?"

ஜானிஸ் ஆப்பத்தைப் பிய்ப்பதை நிறுத்தினாள்.

"எங்க போயி, அத்தை?"

உர்சுலா மேசைத் துணியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"அவன் அம்மாகிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவான்?"

"பொண்டாட்டிகிட்ட."

"சொன்னா நீ சண்டை போடுவேன்னுதான் சொல்லலை. இப்பப் பாரு, சண்டைதானே போடுறே?"

இந்தத் தர்க்கத்துக்கு எதிராக உலகத்தில் எந்த நீதிமன்றத்திலும் பதில் கிடையாது. ஜானிஸ் எழுந்து கை கழுவினாள். சன்னலுக்கு வெளியே மோனோரயில், யார் வீட்டிலும் எதுவும் நடக்காதது போலத் துன் சம்பந்தன் நிலையத்தை நோக்கி வளைந்து போனது.

"மாமா, உங்களுக்கும் தெரியுமா?"

பேப்பர் அசையவில்லை. "எனக்குக் காது கேக்காதுமா," என்றார் இக்னேஷியஸ். கேள்வி காதில் விழுந்தவரின் பதில் அது.

*

ஒரே காரில்தான் போனார்கள். இரண்டு காராகப் போனால் அங்கே பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேவின் சொன்னான். பன்னிரண்டு நாளில் அவன் அவளிடம் நேரடியாகப் பேசிய மூன்றாவது வாக்கியம் அது. விபத்து நெருங்கி வந்து போன பிறகு அவர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். தேவைக்கு மட்டும்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் தேவை வந்துவிட்டது.

"சிம்பிளா சொல்லு, ஜான். நான் சொன்னேன், உனக்குக் கவனம் சிதறிடுச்சு. டயர்டு. அவ்வளவுதான். உனக்கு மூணு மாசம் ரீ-ட்ரெயினிங், திரும்ப உட்கார்ந்துடுவே."

"லைசன்ஸை எடுத்துட்டா?"

"ஃபர்ஸ்ட் டைம்லா உனக்கு. எடுக்க மாட்டாங்க."

"உனக்கும் ஃபர்ஸ்ட் டைம்தானே. நீ சொல்லு, நான் பேசவே இல்லை சார்னு."

"எனக்கு லெட்டர் வேணும்."

"அது தெரியும். காலையில ஆப்பத்தோட சேர்த்து அத்தை அதையும் பரிமாறிட்டாங்க."

கேவின் வேகத்தைக் கூட்டினான். முன்னால் சிமெண்ட் லோரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்து எண்ணைப் படிப்பதற்குக் கண்ணாடிகூடத் தேவைப்படாத தூரத்தில் அவன் ஓட்டினான். வானத்தில் மூன்று மைல் கேட்கிறவர்கள் தரையில் மூன்று மீட்டரோடு திருப்தி அடைந்துவிடுவார்கள்.

"பிரேக் போட்டான்னா உள்ள போயிருவோம்," என்றாள்.

"நான் பாத்துத்தான் ஓட்டுறேன்."

"அன்னிக்கும் பாத்துத்தான் எழுந்து போனே. கேன்டீன்ல கோப்பி ஆறிடும்னு."

"நீ கேட்டிருக்கலாம்ல? எத்தனை அடிக்கு ஏத்தியிருக்கேன்னு ஒரு வார்த்தை. வாயில என்ன இருந்துச்சு?"

அதுதான் அவளுக்கு வலித்தது. அது உண்மையாகவும் இருந்தது. கேட்டிருக்கலாம். அட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று நினைத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சம்பல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் அவள் யார் முதலில் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக அவளைத் தூங்க விடாதது வளைகுடா இல்லை, இதுதான்.

"பேசினதுக்கு ஆதாரம் இல்லைன்னா?" என்றாள்.

"பேசலைங்கிறதுக்கும் ஆதாரம் இல்லை. மேசைக்கு மேல இருக்கிற மைக் செத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. ரோசாக், பழுதுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, நீயே பாத்திருக்கே." அவன் லோரியை முந்தினான். "நீ சொல்றதுதான் ஆதாரம். அதான் சொல்றேன். யோசிச்சுச் சொல்லு."

மீதி வழியில் டோல் கட்டணப் பெட்டி மட்டும் ஒரு முறை பீப் என்றது.

*

விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் கேட்டால் எதுவும் கொஞ்சம் குறைவாகவே உறைக்கும். அந்த வசதி நமக்கு இல்லாததால் தமிழில் தருகிறோம்.

குழுவின் தலைவர் ராதாகிருஷ்ணன். இருபத்தேழு வருஷம் அதே திரைகளைப் பார்த்தவர். குரலை உயர்த்தியே பழக்கமில்லாதவர். பக்கத்தில் ஒரு பெண் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கள் கணவர் நாற்காலியை ஒப்படைக்கும்போது ஒன்பது வரியையும் சொன்னாரா?"

ஜானிஸ் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். ஆமாம் என்பது ஒரே வார்த்தை. சொன்னால் கேவினுக்கு லெட்டர் கிடைக்கும், லெட்டர் கிடைத்தால் விமானம் ஏறுவான். அவனைத் தன்னிடமிருந்து அனுப்பிவைப்பதற்குத் தன் லைசன்ஸையே டிக்கெட்டாகக் கொடுக்க வேண்டும். இப்படி ஒரு வழியனுப்பு விழாவை எந்த மனைவியும் நடத்தியிருக்க மாட்டாள்.

"இல்லை," என்றாள். "எதுவும் சொல்லவில்லை."

"நீங்கள் கேட்டீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அன்றைக்கு நான்காவது நாள்."

தட்டிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கினாள்.

"பேசாமல் இருப்பது வீட்டு விஷயம்," என்றார் ராதாகிருஷ்ணன். "அட்டையைப் படிப்பது பேச்சு இல்லையே. அது வேலை."

"படித்தால் பேசிய மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன், சார். முதலில் பேசினால் நான் தோற்ற மாதிரி. திரையில் ஆறாயிரம் என்று இருந்தது, அதை நம்பிக்கொண்டேன். அவர் பதியாதது அவர் தப்பு. கேட்காதது என் தப்பு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை."

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பி ஒரு பொத்தானை அழுத்தினார்.

நாற்காலி கிறீச்சிடும் சத்தம். ஹெட்செட்டைப் பிடுங்கும் 'டக்'. இன்னொன்றைச் செருகும் 'டக்'. நடுவே, ஒரு 'ச்சு'. கதவு. அவ்வளவுதான்.

"பதினொரு விநாடி," என்றார். "அந்த மைக்கை மாற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பழுது பார்த்த ஆள் மைக்கை மட்டும் மாற்றினார். ஸ்டிக்கரை எடுப்பது அவர் ஒப்பந்தத்தில் இல்லையாம்."

ஜானிசுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத இடம் என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

"அந்த 'ச்சு' யார்?"

"நான்தான், சார்."

"நினைத்தேன். என் வீட்டிலும் கேட்டிருக்கிறேன்." இதை அந்தப் பெண் பதியாமல் அவர் கையால் தடுத்தார். பிறகு குரல் மாறாமலே சொன்னார். "நீங்கள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் உங்கள் வேலை இன்றோடு முடிந்திருக்கும். இந்த வேலையில் எல்லோரும் தப்பு செய்வார்கள். தப்புக்குப் பயிற்சி இருக்கிறது. நாலு மாதம், ஆறு மாதம். பொய்க்குப் பயிற்சி கிடையாது. லைசன்ஸ் போகும். பிற நாட்டு ஆட்கள் எங்களிடம் கேட்டால் ஏன் போனது என்று எழுதிக் கொடுப்போம்."

"அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தது, சார்? அதை மாற்ற முடியுமா?"

"எழுதினது பதற்றத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். நேரில் கேட்கும்போது திருத்திக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப்பு. உங்கள் கணவருக்கும்தான். அடுத்து அவரைத்தான் கூப்பிடப் போகிறேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வெளியே போய் இந்த ஒலிப்பதிவைப் பற்றி வாயைத் திறந்தால் உங்கள் லைசன்ஸும் சேர்ந்து போகும். புரிகிறதா, ஜானிஸ்?"

புரிந்தது.

*

வெளியே கேவின் நீளமான தாழ்வாரத்தில், வரிசையாகப் போட்ட நீல நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். டை கட்டியிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"என்ன சொன்னே?"

கணவன் வீட்டோடு இருக்க வேண்டும் என்றால் அவள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. சும்மா நின்றால் போதும். அவன் உள்ளே போவான், ஒன்பது வரியையும் சொன்னேன் என்பான், ஒரு பொத்தானை அழுத்துவார்கள். வளைகுடா போய்விடும், லைசன்ஸ் போய்விடும். ஏழாவது மாடி வீட்டில், மாமனாருக்குப் பக்கத்தில் சோபாவில், பேப்பரின் மறு பாதியைப் பிடித்துக்கொண்டு கேவின் ஆயுளுக்கும் உட்கார்ந்திருப்பான். தனியாக என்ற கட்டத்தில் டிக் போட்டவனுக்கு இதைவிட நல்ல பதிலை அவளால் யோசித்து எழுத முடியாது. மேலிடத்து உத்தரவும் வாயைத் திறக்காதே என்பதுதான். சட்டமும் வன்மமும் ஒரே பக்கம் நிற்பது வாழ்க்கையில் அடிக்கடி வராத சந்தர்ப்பம்.

"கேவின்," என்றாள். "நாம அன்னிக்குப் பேசலை. உள்ள போயி அதை அப்படியே சொல்லிடு."

"நீ என்ன சொன்னே, அதைச் சொல்லு முதல்ல."

"அதைத்தான் சொன்னேன்."

அவன் முகம் ஒரு கணம் வெறுமையானது. பிறகு, மெதுவாக, அதில் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"மாட்டிவிட்டுட்டே."

"மாட்டிவிடலை. என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். எழுதினதை மாத்திக்கலாம், கேட்டுட்டுத்தான் வரேன். நாலு மாசம் ட்ரெயினிங், அவ்வளவுதான். பொய் மட்டும் சொல்லிடாத. கேவின், ப்ளீஸ்லா."

"ட்ரெயினிங் போனா லெட்டர் கிடைக்காது. நான் போகக் கூடாது, அவ்வளவுதானே உனக்கு? அதுக்கு இப்படி ஒரு ட்ராமா. நானும் போயி ஆமா சார்னு தலையாட்டணும்."

"நீ எங்க வேணா போ. அடுத்த வருஷம் போ, தனியாவே போ. இன்னிக்கு மட்டும் நான் சொல்றதைக் கேளு."

"ஏன் கேக்கணும்? ஒரு காரணம் சொல்லு."

காரணம் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் அவனோடு சேர்ந்து அவளும் அந்த சோபாவில் உட்கார வேண்டியதுதான். ஜானிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்ல முடியாது."

"சொல்ல ஒண்ணும் இல்லை, அதான்." டையைச் சரிசெய்துகொண்டான். "நீ ஒண்ணு சொல்றே, நான் ஒண்ணு சொல்லப் போறேன். பன்னிரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு. யாரை நம்புறாங்கன்னு பாத்துருவோம்."

கதவு திறந்தது. தட்டிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்து அவன் பெயரைச் சொன்னாள். கேவின் மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

ஜானிஸ் நீல நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. அத்தை.

"என்னமா, முடிஞ்சுதா? நான் சொன்ன மாதிரிதானே சொன்னே?"

"அவர் இப்பதான் உள்ள போயிருக்கார், அத்தை."

"அவனைப் பத்திக் கவலை இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிட்டு வந்துருவான். என் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராதுமா. சின்னதிலேருந்தே அப்படித்தான். பொய் சொன்னா திக்குவான்லா, ரெண்டே வார்த்தையில மாட்டிக்குவான்."

ஜானிஸ் கதவைப் பார்த்தாள். மெல்லிய பலகைக் கதவு. வார்த்தைகள் இந்தப் பக்கம் வரவில்லை. கேவினின் குரல் மட்டும் வந்தது. நிதானமான, தெளிவான குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே அளவான இடைவெளி விட்டு. ஜானிஸ் எண்ணினாள்: ஒன்பது.

எங்கேயும் திக்கவில்லை.